எழுத்தில் வராத வாங்க

காரைக்குடிப் பக்கம் ஒரு கல்யாணத்தில் சாம்பாரில் உப்பு இல்லை என்றால் மன்னித்துவிடுவார்கள். பந்தி பிந்தினால்கூடப் போனால் போகிறது என்று விட்டுவிடுவார்கள். ஆனால் படியேறி வருகிறவரைப் பார்த்து 'வாங்க' என்று கேட்கத் தவறினால் தீர்ந்தது கதை. வாங்க சொல்வதை இங்கே 'கேட்பது' என்றுதான் சொல்வார்கள். பேரன் பேத்தி எடுத்த பிறகும் அந்தப் பேச்சு ஓயாது. "எல்லாம் சரிதான், வாங்கன்னு ஒரு வார்த்தை கேட்டாகளா?" என்று ஆரம்பித்துவிடுவார்கள். வீட்டில் ஆறு பேர் இருந்தால் ஆறு பேரும் தனித்தனியாகக் கேட்க வேண்டும். ஒருத்தர் கேட்டது இன்னொருத்தர் கேட்டதாக ஆகாது. இந்த ஊரில் பிறந்து, இந்த ஊரிலேயே வாக்கப்பட்டு, இந்த ஊரிலேயே சம்பளமும் வாங்குகிற நாதியா, அந்த 'வாங்க'வையே கத்தரித்து எறிந்தாள் என்றால் நம்புவீர்களா? எறிந்தாள். அதுவும் நல்லது செய்கிறோம் என்று நினைத்துக்கொண்டே எறிந்தாள்.

நாதியாவுக்கு வேலை அகிலாண்டேஸ்வரி ஆச்சியின் பலகாரக் கம்பெனியில். ஆச்சி என்றதும் பல்லுப்போன கிழவி என்று நினைத்துவிட வேண்டாம். ஐம்பதைத் தாண்டி ஒன்றிரண்டு வருஷம்தான் ஆகிறது. மதுரைக்குக் காரைத் தானே ஓட்டிக்கொண்டு போய் வருகிறவர். காரைக்குடியில் பெரிய அடுப்படி, திருப்பத்தூர், சிவகங்கை, தேவகோட்டை, மதுரை என்று கடைகள், வலையபட்டியில் பொட்டலம் கட்டும் கூடம். இத்தனை இடத்துக்கும் ஆச்சி ஒருத்தர் ஓட முடியுமா? அதனால் திங்கட்கிழமைதோறும் காலையில் கேமரா முன்னால் உட்கார்ந்து பேசுவார். புதுப் பலகாரம், கை கழுவும் முறை, போன வாரம் வந்த புகார், தீபாவளி லீவு, எல்லாம் அந்த வீடியோவில்தான். ஒவ்வொரு கிளையிலும் ஆட்கள் அன்று மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் டிவி முன்னால் கூடி அதைப் பார்த்துவிட்டுத்தான் மறுபடி வேலையைத் தொடங்குவார்கள். படம் பிடிப்பது, வெட்டுவது, ஒட்டுவது, அனுப்புவது எல்லாம் நாதியாவின் பொறுப்பு.

ஆச்சியின் வீடியோவில் முதல் ஒன்றரை நிமிஷம் வெறும் வாங்கதான். "திருப்பத்தூர்க்காரவுகளே, வாங்க. சிவகங்கை, வாங்க வாங்க. தேவகோட்டையில கார்த்திகேயன் லீவு முடிஞ்சு வந்தாச்சா, வாங்க." இப்படியே போகும். கேமராவுக்குப் பின்னால் நிற்கிற நாதியாவுக்குக் கால் கடுக்கும். "ஆச்சி, இதக் கொஞ்சம் சுருக்குவோமா?" என்று ஒரு தடவை கேட்டுப் பார்த்தாள். "எதை? என் கழுத்தையா?" என்றார் ஆச்சி. அதற்குப் பிறகு அவள் கேட்கவில்லை.

ஆடி மாதத்தில் ஒரு திங்கட்கிழமை, பொட்டலம் கட்டுவதைப் படம் எடுக்க நாதியா வலையபட்டிக்குப் போயிருந்தாள். அன்றைய வீடியோ ஓடிக்கொண்டிருந்தது. ஆச்சி ஏதோ வேடிக்கையாகச் சொல்ல, கூடமே சிரித்தது. கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த நாலு பேர் மட்டும் டிவியைப் பார்க்காமல் பக்கத்திலிருந்தவர்களின் முகத்தைப் பார்த்தார்கள். பார்த்துவிட்டு, அவர்களும் சிரித்தார்கள். ஒரு நொடி பிந்தி.

அந்த நாலு பேருக்கும் காது கேட்காது. மேற்பார்வையாளர் முத்தரசு வீடியோ முடிந்ததும் கையை ஆட்டி, வாயைக் கோணி, தனக்குத் தெரிந்தமட்டும் விளக்குவார். நல்ல மனுஷர்தான், ஆனால் ஆச்சி பத்து நிமிஷம் பேசியது அவர் கையில் பத்து விநாடியாகச் சுருங்கிவிடும். நாலு பேருக்கும் முன்னத்தி ஏர் துர்காதேவி. முப்பத்தைந்து வயதிருக்கும். விடுதிப் பள்ளியில் படித்தவள். பளபளவென்று ஒரு ஸ்கூட்டி, தோளில் ஒரு கைப்பை, எடுப்பான நடை. வாட்ஸ்அப்பில் அவள் தட்டுகிற வேகத்துக்கு வாயுள்ளவர்கள்கூடப் பேச முடியாது.

நாதியாவுக்கு அன்றைக்கு வேலை ஓடவில்லை. அந்த ஒரு நொடி பிந்திய சிரிப்பு அவள் வீட்டில் தினமும் கேட்கிற சிரிப்பு. அவள் மகள் சபீஹாவுக்கு நாலு வயசு. நாத்தனார் பிள்ளைகள் கூடி விளையாடும்போது, அவர்கள் சிரித்தால் சபீஹா முதலில் அவர்கள் முகத்தைப் பார்ப்பாள், பிறகு சிரிப்பாள். மதுரையில் டாக்டர் பார்த்துச் சொல்லிவிட்டார், இரண்டு காதிலும் கேள்வி மிகக் குறைவு என்று. மிஷின் மாட்டியும் சத்தம் என்று ஒன்று வருவதாகத் தெரிந்ததே தவிர, பேச்சு பிடிபடவில்லை. மாமியார் ஷரபுன்னிசா யார் வந்தாலும், "பேச்சுத்தான் தாமசம், அவுக அத்தாவும் இப்படித்தான், அஞ்சு வயசுக்கு மேலதான் வாயத் தொறந்தான்" என்று சொல்லிக்கொண்டே, காது மிஷின் தெரியாதபடி பிள்ளையின் தலையில் துப்பட்டியை இழுத்துவிடுவார். அந்த அத்தா, நாதியாவின் கணவர் இனாமுல் ஹசன், துபாயிலிருந்து தினமும் வீடியோவில் வந்து, திரையில் முகத்தை ஒட்டிக்கொண்டு மகளுக்கு வேடிக்கை காட்டுவார். நாதியா ஆபீசில் இதை ஒருவரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அழுதுவிடுவோம் என்ற பயம்தான், வேறொன்றுமில்லை.

ஆனால் துர்காதேவியைப் பார்த்த நாளிலிருந்து ஒரு ஆசை பிடித்துக்கொண்டது. என் மகளும் ஒருநாள் இப்படிக் கைப்பையை மாட்டிக்கொண்டு ஸ்கூட்டியில் வேலைக்குப் போவாள். இந்த அக்காவை ஒருநாள் வீட்டுக்குக் கூப்பிட்டு, சபீஹாவுக்குக் காட்ட வேண்டும். காது கேட்காத பெரிய ஆள் ஒருத்தரைக்கூட அந்தப் பிள்ளை இதுவரை பார்த்ததில்லை. எப்படிக் கூப்பிடுவது, என்ன காரணம் சொல்வது என்றுதான் அவளுக்குத் தெரியவில்லை.

நேரே ஆச்சியிடம் போய் நின்றாள்.

"ஆச்சி, வலையபட்டியில நாலு பேருக்குக் காது கேக்காது. நம்ம வீடியோ அவுகளுக்கு ஊமைப்படம் மாதிரி."

"முத்தரசு சொல்லிருவாருல்ல?"

"சொல்றாக. ஆனா அது முத்தரசண்ணன் பேச்சு. உங்க பேச்சு அவுககிட்டப் போகலை."

ஆச்சி கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "அப்ப இத்தனை வருசமா நான் அந்தப் பிள்ளைகளைக் கூட்டி வச்சுக்கிட்டு, அதுக இல்லாத மாதிரிப் பேசிக்கிட்டு இருந்திருக்கேன்" என்றார். குரல் இறங்கிவிட்டது. "என்ன பண்ணணும்?"

"சப்டைட்டில் போடணும் ஆச்சி. நீங்க பேசுறது அப்படியே கீழ எழுத்தா வரணும்."

"போட்டுரு. பழசு புதுசு ஒண்ணு விடாம போடு. எல்லாக் கிளைக்கும் அதையே அனுப்பு. வலையபட்டிக்குத் தனி இலை, மத்தவுகளுக்குத் தனி இலைன்னு பந்தியில ஓரவஞ்சனை வேணாம்."

சும்மா சொல்லக்கூடாது, நாதியா உயிரைக் கொடுத்துத்தான் உழைத்தாள். முதலில் தானாக எழுதும் மென்பொருளை நம்பினாள். அது ஆச்சியின் காரைக்குடிப் பேச்சைக் கேட்டு மிரண்டுபோய், சீப்புச்சீடையைச் சீடர் என்றும், மனகோலம் என்ற பலகாரத்தை மணமகன் என்றும் எழுதிவைத்தது. மணமகனை எண்ணெயில் போட்டுப் பொன்னிறமாக எடுக்கச் சொன்னால் எந்தக் கம்பெனி உருப்படும்? அதைத் தூக்கிப் போட்டுவிட்டு, ஒவ்வொரு வரியையும் காதால் கேட்டுக் கையால் தட்டினாள். கறுப்புப் பட்டையில் மஞ்சள் எழுத்து, தூரத்திலிருந்து பார்த்தாலும் தெரிகிற அளவு. இதில் ஒரு வேடிக்கை, காது நன்றாகக் கேட்கிறவர்களுக்கும் அது பிடித்துப்போயிற்று. பஸ் நிலையத்தை ஒட்டிய சிவகங்கைக் கடையில் ஹாரன் சத்தத்தில் அதுவரை ஒன்றுமே கேட்டதில்லையாம். "இப்பத்தான் ஆச்சி என்ன பேசுறாகன்னே தெரியுது" என்று அங்கிருந்து செய்தி வந்தது.

துர்காதேவியிடமிருந்தும் ஒரு செய்தி வந்தது: "ஆச்சி இவ்வளவு தமாசாப் பேசுவாகளா? இத்தனை நாளா எனக்குத் தெரியாது. நன்றி தங்கச்சி." கூடவே ஒரு பூ. அந்தத் தங்கச்சியை நாதியா எத்தனை தடவை எடுத்து எடுத்துப் படித்தாள் என்று கேட்காதீர்கள்.

ஒரே ஒரு இடத்தில்தான் அவள் கத்தரியை எடுத்தாள். திரையில் ஒரு நேரத்தில் இரண்டு வரிதான் நிற்கும். அதற்கு மேல் போனால் படிக்க முடியாது. அதனால் 'வந்து', 'ம்', 'பாத்துக்கங்க' போன்றவற்றை எடுத்தாள். எடுக்கிற கை சும்மா இருக்குமா? முதல் ஒன்றரை நிமிஷ வாங்கவையும் எடுத்தாள். அதில் விஷயம் ஒன்றும் இல்லையே, வாரா வாரம் அதே பாட்டுத்தானே என்று, அந்த நேரம் முழுக்க ஒரே எழுத்தை நிறுத்தி வைத்தாள்: (வரவேற்புரை). ஒரு தடவை செய்து வைத்ததை ஒவ்வொரு வாரமும் அப்படியே முன்னால் ஒட்டிவிட்டு, விஷயம் தொடங்குகிற இடத்திலிருந்து தட்டுவாள். தினமும் கேட்கிற பள்ளிவாசல் பாங்கு சத்தமும் கோயில் மணியும் காதில் விழுந்தும் விழாமல் போகிற மாதிரி, ஊரிலேயே பெரிய மரியாதை அவளுக்கு வெறும் இரைச்சலாகிப் போயிற்று.

ஆவணி பிறந்து இரண்டாவது திங்கட்கிழமை. ஆச்சி பேச உட்கார்ந்த நேரத்தில் நாதியாவுக்கு மதுரையிலிருந்து போன் வந்தது. சபீஹாவின் காது மிஷினுக்கு அளவெடுத்த புது அச்சு தயார், வந்து வாங்கிக்கொள்ளலாம் என்று. கேமராவை ஓடவிட்டு, வெளியே போய்ப் பேசிவிட்டு வந்தாள். அவள் திரும்பியபோது ஆச்சி வாங்க எல்லாம் முடித்து அதிரசப் பாகுக்கு வந்திருந்தார். அன்றைக்கும் முன்பகுதியில் பழைய (வரவேற்புரை)யை ஒட்டி, மிச்சத்தைத் தட்டி, எல்லாக் கிளைக்கும் அனுப்பிவிட்டு மதுரை பஸ் ஏறினாள்.

இரண்டு நாள் கழித்து முத்தரசு போன் செய்தார்.

"நாதியா, துர்காதேவி மாசக் கடைசியோட நின்னுக்கிறேன்னு சொல்லிருச்சு. அது போனா மத்த மூணும் பின்னாடியே போயிரும். என்னன்னு கேட்டா மூஞ்சியத் திருப்பிக்கிது. உன் பேரச் சொன்னா அதுக்கு மேல கோவம் வருது. நீ ஏதும் சொன்னியாம்மா?"

நாதியா போனை வைத்தாள். அவசரமாகத் துர்காதேவிக்குச் செய்தி அனுப்பினாள். நீல டிக் விழுந்தது, பதில் இல்லை. இன்னொன்று அனுப்பினாள். அதற்கும் இல்லை. ஒரு ஆள் வேலையை விட்டுப் போகிறாள், இன்னொரு ஆள் வருவாள், இதில் என்ன இருக்கிறது என்று வேறு யாராவது கேட்கலாம். நாதியாவுக்கு அப்படி இல்லை. எழுத்துப் போட்டு, எல்லாம் செய்து கொடுத்த இடத்திலேயே ஒருத்தியால் இருக்க முடியவில்லை என்றால், நாளைக்கு என் பிள்ளை எந்த இடத்தில் போய் இருக்கும்? அவளுக்கு நெஞ்சில் முள்ளாய்க் குத்தியது அதுதான்.

மறுநாள் காலை பஸ்ஸில் வலையபட்டி போய் இறங்கினாள். கூடத்தில் சீடைப் பொட்டலங்களில் கம்பெனிச் சீட்டு ஒட்டிக்கொண்டிருந்த துர்காதேவி அவளைப் பார்த்தாள். பார்த்ததும் கண்ணைத் தாழ்த்திக்கொண்டாள். வாயால் பேசுகிறவர்கள் கோபம் வந்தால் பேச்சை நிறுத்துவார்கள், இல்லாவிட்டால் கத்துவார்கள். துர்காதேவி பார்ப்பதை நிறுத்திவிட்டாள். அந்தக் கதவைத் தட்டவும் முடியாது, வெளியிலிருந்து கூப்பிடவும் முடியாது. நாதியா பக்கத்தில் உட்கார்ந்து, பேசாமல், ஒரு அட்டைப்பெட்டியை இழுத்து வைத்துக்கொண்டு தானும் பொட்டலத்தில் சீட்டு ஒட்ட ஆரம்பித்தாள். கோணல் கோணலாக ஒட்டினாள். ஐந்தாறு பொட்டலம் பொறுத்த துர்காதேவிக்கு அதற்குமேல் தாங்கவில்லை. அவள் கையிலிருந்து பிடுங்கி நேராக ஒட்டிவிட்டு, போனை எடுத்துத் தட்டி நீட்டினாள்.

"திங்கக்கிழமை ஆச்சி எங்களப் பத்தி என்ன சொன்னாக?"

நாதியாவுக்குப் புரியவில்லை. "உங்களப் பத்தியா?" என்று தட்டினாள்.

துர்காதேவி போனைப் பிடுங்கித் தட்டினாள். "ஆச்சி பேச ஆரம்பிச்சதும் எல்லாரும் எங்க நாலு பேரையும் திரும்பிப் பாத்தாக. சிரிச்சாக. கையத் தட்டுனாக. நான் எழுத்தப் பாத்தேன். அதே வரவேற்புரைதான் நின்னுச்சு, வேற ஒண்ணுமே வரல. பக்கத்துல பொன்னுத்தாயிகிட்ட என்னன்னு கேட்டேன். ஒண்ணுமில்ல, பெறகு சொல்றேன்னு கையக் காட்டுனா. பெறகு யாரும் சொல்லல, எழுத்து வருதேன்னு முத்தரசண்ணனும் இப்பச் சொல்றதில்ல. பொறந்ததுல இருந்து எனக்கு எல்லாரும் சொல்ற பதில் இது ஒண்ணுதான். ஒண்ணுமில்ல, பெறகு சொல்றேன். எழுத்து வந்ததும் இனிமே அது இல்லன்னு நினைச்சேன். எங்களப் பத்திப் பேசுறத மட்டும் எழுதாம விடுறீக. நீங்கதான எழுதுறீக? மதியாதார் வாசல மிதிக்கக் கூடாது."

தங்கச்சியைக் காணோம், 'நீங்க' வந்து உட்கார்ந்திருந்தது. ஆச்சி என்ன சொன்னார் என்று நாதியாவுக்கே தெரியாது. போனில் அந்த வீடியோவைத் திறந்தாள். சத்தத்தைக் கூட்டிக் காதில் வைத்துக்கொண்டாள். துர்காதேவி அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

திருப்பத்தூர் வாங்க. சிவகங்கை வாங்க. பிறகு ஆச்சி தொண்டையைச் செருமிக்கொண்டார். நாதியா கேட்டாள். கேட்கக் கேட்க அவள் முகம் இடிந்துபோயிற்று. "யா அல்லா" என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டாள். வீடியோவை நிறுத்தி, பின்னால் தள்ளி, ஒரு சொல் விடாமல் தட்டினாள். 'ம்' வந்த இடத்தில் 'ம்' என்றே போட்டாள். கண்ணில் தண்ணீர் மறைத்ததால் இரண்டு மூன்று தடவை அழித்து எழுத வேண்டியிருந்தது. தட்டி முடித்துப் போனைத் துர்காதேவியின் கையில் கொடுத்தாள்.

"இப்ப நம்ம வலையபட்டிக்கு. ம்... துர்காதேவி, வாங்க. தங்கச்சாமி, வாங்க. ரோகிணி, வாங்க. அய்யப்பன், வாங்க. இத்தனை வருசமா உங்களை வாங்கன்னு கேக்காமலே வேலை வாங்கிட்டேன். தப்பு என்னோடது. மனசுல வச்சுக்கிறாதீக. எல்லாரும் அவுகளுக்கு ஒரு கை தட்டுங்கப்பா."

துர்காதேவி படித்தாள். மறுபடி படித்தாள். போனைத் திருப்பி வைத்துவிட்டு, தரையில் கிடந்த சீடை ஒன்றைப் பொறுக்கி, எங்கே போடுவது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து போய் மற்ற மூன்று பேரையும் கூட்டிவந்து காட்டினாள். தங்கச்சாமி படித்துவிட்டுச் சட்டென்று திரும்பிச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

அவர்கள் போன பிறகு துர்காதேவி தட்டினாள். "இது ஏன் எழுத்துல வரல?"

பொய் சொல்ல ஆயிரம் வழி இருந்தது. மிஷின் மேல் போடலாம், மின்சாரத்தின் மேல் போடலாம். நாதியா உள்ளதைச் சொன்னாள். "வாங்க எல்லாம் விசயமில்லன்னு நான்தான் வாராவாரம் வெட்டிட்டேன். அன்னைக்கு ஆச்சி பேசுனதக் கேக்கவே இல்ல."

துர்காதேவி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "உங்களுக்கு எந்த ஊரு?"

"காரைக்குடிதான்க்கா."

"காரைக்குடியில பொறந்துட்டு வாங்கவ வெட்டுனீகளா?" என்று தட்டிவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள். கோபம்தான், ஆனால் கண் இப்போது நாதியாவைப் பார்த்துக்கொண்டிருந்தது. மறுபடி தட்டினாள். "எங்க வீட்டுக்கு யாரும் வந்தா அம்மா என் தோளத் தொடும். நான் கையக் காட்டி வாங்கன்னு கேப்பேன். ஆனா நான் ஒரு வீட்டுக்குப் போனா என்னைய யாரும் கேக்க மாட்டாக. கூட வந்தவுகளத்தான் கேப்பாக. இவளுக்குத்தான் கேக்காதே, எதுக்குன்னு விட்டுருவாக. கேக்காதுதான். வாய் அசையுறது தெரியாதா?"

நாதியாவுக்கு அதற்குமேல் அடக்க முடியவில்லை. போனை வாங்கி, அதுவரை யாரிடமும் சொல்லாததைத் தட்டினாள். "அக்கா, என் மகளுக்கும் காது கேக்காது. நாலு வயசு. வீட்டுக்கு வாரவுக என்னைக் கேப்பாக, மாமியக் கேப்பாக. அவளை யாரும் கேட்டதில்ல. நானும் கவனிச்சதில்ல. அவளுக்கு உங்களைக் காட்டணும்னு ஆடி மாசத்துல இருந்து நினைச்சுக்கிட்டு இருந்தேன். நீங்க போயிட்டா நான் அவளுக்கு யாரக் காட்டுவேன்?"

துர்காதேவி அதைப் படித்தாள். முந்தானையை எடுத்து, தன் முகத்தைத் துடைப்பதற்குப் பதிலாக நாதியாவின் முகத்தை அழுத்தித் துடைத்துவிட்டாள். மாவு ஒட்டியிருந்த முந்தானை. நாதியாவின் கன்னமெல்லாம் வெள்ளையாயிற்று. பிறகு தட்டினாள்.

"ஞாயித்துக்கிழமை உங்க வீட்டுக்கு வாரேன். வாசல்ல நிப்பேன். வீட்டுல இருக்குறவுக எல்லாரும் எனக்கு வெளங்குற மாதிரி வாங்கன்னு கேட்டா உள்ள வருவேன். ஒருத்தர் விட்டாலும் அப்படியே வண்டியத் திருப்பிருவேன். வேலையும் அதோட சரி."

விளையாட்டா வினையா என்று அவள் முகத்திலிருந்து கண்டுபிடிக்க முடியவில்லை.

ஆச்சியிடம் போய் நாதியா எல்லாவற்றையும் சொன்னாள், மகளைப் பற்றியும் சேர்த்து. ஆச்சிக்கு முதலில் முகம் சிவந்தது. "நான் வாங்கன்னு கேக்குறேன், நீ வாசக்கதவச் சாத்திட்டியேடி ஆத்தா" என்றார். பிறகு எழுந்து வந்து அவள் தலையைத் தடவினார். "பிள்ளை விசயத்த ஏன் உள்ளுக்குள்ளயே வச்சுப் புழுங்கிக்கிட்டு இருந்த? சரி, நீ சாத்துன கதவு, நீயே தொற." சனிக்கிழமை அதே வீடியோ, வாங்க ஒன்று விடாமல் எழுத்தோடு எல்லாக் கிளைக்கும் போயிற்று. பழைய வீடியோக்களிலும் (வரவேற்புரை) இருந்த இடமெல்லாம் வாங்கவாக மாறிக்கொண்டிருந்தது. எழுத்து ஓடி ஓடிக் கண் வலிக்கிறது என்று திருப்பத்தூரிலிருந்து ஒரு முணுமுணுப்பு. வலிக்கட்டும் என்றார் ஆச்சி.

வீட்டில் மாமியாரை வழிக்குக் கொண்டுவருவதுதான் பெரிய பாடாக இருந்தது. "வாங்கன்னு நல்லாச் சத்தமா கேக்குறேன், போதாதா?" என்றார் ஷரபுன்னிசா.

"அவுகளுக்குக் கேக்காது மாமி. கையால கேக்கணும். இப்படி" என்று நாதியா, துர்காதேவி வீடியோவில் அனுப்பியிருந்தபடி, இரண்டு கையையும் முன்னே நீட்டி நெஞ்சுப் பக்கம் இழுத்துக் காட்டினாள்.

"இந்த வயசுல எனக்கு ஆட்டம் வேறயா" என்று முனகிக்கொண்டே அவர் அடுப்படிக்குள் போனார். கொஞ்சம் கழித்து நாதியா எட்டிப் பார்த்தபோது, பிசைந்த மாவு கையோடு மாமி தம்ளரைப் பார்த்து வாங்க கேட்டுப் பழகிக்கொண்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை துர்காதேவி சொன்னபடி வந்தாள். ஸ்கூட்டியை நிறுத்தினாள். நிலைப்படிக்கு வெளியே, கைப்பையைத் தோளில் சரிசெய்துகொண்டு, சம்பந்தி வீட்டாரைப் போல விறைப்பாக நின்றாள். நாதியா ஓடிப்போய் இரண்டு கையாலும் கேட்டாள். அவள் அசையவில்லை. மாவு கையோடு ஷரபுன்னிசா வந்து கேட்டார். கொஞ்சம் கோணல்தான், மாவுத்துளி இரண்டு தரையில் சிந்தியது. துர்காதேவிக்கு உதட்டோரம் சிரிப்பு வந்துவிட்டது. ஆனாலும் கால் எடுத்து வைக்கவில்லை. அவள் கண் அவர்களைத் தாண்டி, உள்ளே திரைச்சீலையைப் பிடித்துக்கொண்டு நின்ற குட்டி உருவத்தைப் பார்த்தது.

இன்னும் ஒருத்தர் பாக்கி.

நாதியா போய் மகளின் தோளைத் தொட்டாள். சபீஹா வரமாட்டேன் என்று திரைக்குள் சுருண்டாள். வழக்கம்போல மாமியின் கை பேத்தியின் துப்பட்டியை இழுத்துவிடப் போயிற்று. போன கை, வாசலில் நின்றவளின் பார்வையைக் கண்டு பாதியில் நின்றது. அப்புறம் அந்தக் கையே துப்பட்டியை மெல்லப் பின்னால் தள்ளிவிட்டது. காது மிஷின் இரண்டும் வெளியே தெரிந்தன.

துர்காதேவி அங்கேயே குந்தி உட்கார்ந்தாள். தன் காதைத் தொட்டாள், விரலை ஆட்டி இல்லை என்று காட்டினாள். பிறகு சபீஹாவின் காதைச் சுட்டினாள், அதே மாதிரி விரலை ஆட்டினாள். மறுபடி தன் காது. மறுபடி அவள் காது. நீயும் நானும் ஒண்ணு.

சபீஹா அம்மாவைப் பார்த்தாள். அத்தாவைப் பெற்ற நன்னியைப் பார்த்தாள். இவ்வளவு பெரிய ஆளுக்குமா என்று கேட்கிற மாதிரி இருந்தது அந்தப் பார்வை. திரையை விட்டு ஒரு அடி வெளியே வந்தாள். அம்மா காட்டிக்கொடுத்த கையை நினைத்துப் பார்த்து, இரண்டு கையையும் முன்னே நீட்டி, ஊரையே கூப்பிடுகிறவள்போல அவ்வளவு பலத்தோடு நெஞ்சுக்கு இழுத்தாள். இழுத்த வேகத்தில் பின்னால் சாய்ந்து தொப்பென்று உட்கார்ந்தாள்.

துர்காதேவி வலது காலை எடுத்து வைத்து உள்ளே வந்தாள். துர்காதேவி போனில் ஒரு வரி தட்டி நீட்டினாள்: "வேலைய விட்டு நிக்கலன்னு முத்தரசண்ணன்கிட்டச் சொல்லிட்டேன். நேத்து வீடியோ பாத்ததுமே சொல்லிட்டேன் தங்கச்சி."

"பெறகு எதுக்குக்கா என்னை இந்தப் பாடு படுத்துனீக?" என்று நாதியா வாயாலும் கையாலும் கேட்டாள். துர்காதேவி சபீஹாவைக் காட்டினாள்.

காபி வந்தது. கூடத்தில் தரையில் எதிரும் புதிருமாக இரண்டு பேரும் உட்கார்ந்துகொண்டார்கள். துர்காதேவி கையால் ஏதோ சொன்னாள். சபீஹா தன் பங்குக்குக் கையை என்னென்னவோ செய்தாள். துர்காதேவி கண்ணை உருட்டி, மூக்கைப் பிடித்து, மாமியின் மாவு கையைச் சுட்டி ஏதோ செய்து காட்ட, சபீஹா கலகலவென்று சிரித்தாள். யார் முகத்தையும் பார்க்காமல், காத்திருக்காமல், அதே நொடியில் சிரித்தாள். இரண்டு பேரும் தோளோடு தோள் முட்டிக்கொண்டு சிரித்தார்கள்.

நாதியாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. மாமியின் முகத்தைப் பார்த்தாள். மாமி இவள் முகத்தைப் பார்த்தார். பிறகு அவர்களும் சிரித்தார்கள், ஒரு நொடி பிந்தி.

"என்னக்கா? என்ன சொன்னீக?" என்று நாதியா கேட்டாள்.

துர்காதேவி சபீஹாவைப் பார்த்துக் கண் சிமிட்டிவிட்டுப் போனில் தட்டிக் காட்டினாள்.

"ஒண்ணுமில்ல. பெறகு சொல்றேன்."